பூனைப் படம் ஏன் கெட்டது? வீட்டுக்குள் வெளி ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்கு

வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த பூனைப் படம் கெட்டுப்போனால், முதலில் ஃபிளாஷின் தலை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது நேராகப் பூனையின் முகத்தைப் பார்த்திருக்கும். ஹாட் ஷூவில் (கேமராவின் மேலே உள்ள ஃபிளாஷ் தடம்) மாட்டும் வெளி ஃபிளாஷுக்குக் காசு கொடுப்பதே அதன் தலை மேலேயும் பக்கத்திலும் திரும்பும் என்பதற்காகத்தான். வெளிச்சத்தை அறைமேல் அடியுங்கள். கூரையும் சுவரும் அதைப் பூனைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மருந்து இதுதான். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தொடக்க நிலை வேண்டும். கேமரா மேனுவலில், அதாவது அளவுகளை நீங்களே வைக்கும் முறையில்: ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்) 1/160 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4, ஐஎஸ்ஓ (சென்ஸாரின் ஒளியுணர்வு) 800. ஃபிளாஷும் மேனுவலில், பவர் 1/8, அதாவது முழு பவரில் எட்டில் ஒரு பங்கு. தலை கூரையைப் பார்த்து, கொஞ்சம் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்திருக்கட்டும். பத்தடி உயரத்தில் வெள்ளைக் கூரை உள்ள சாதாரண அறையில், ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பூனைக்கு இது ஏறக்குறைய சரியாக வரும். கூடக்குறைய இருந்தால் ஃபிளாஷ் பவரை மட்டும் ஏற்றி இறக்குங்கள், மற்றதைத் தொடவேண்டாம்.

அப்புறம், எந்தக் கோளாறைத் தேடுவதற்கு முன்னும் ஒரு சோதனை. ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். பூனையின் உருவம் இருட்டில் லேசாகத் தெரிகிற அளவுக்கு வந்தால், படத்தை உருவாக்குவது ஃபிளாஷ்தான், கோளாறும் அங்கேதான் இருக்கும். ஃபிளாஷ் இல்லாமலே ஓரளவு பார்க்கும்படியான படம் வந்துவிட்டால், அறையின் விளக்கும் படத்தில் பங்குபோடுகிறது. நிறக் கோளாறும் அசைவுக் கோளாறும் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்து வருபவை. இந்த ஒரு படம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

கண் பச்சையாக, மஞ்சளாக எரிகிறது

பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு அடுக்கு இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால் விழித்திரைக்கு அதே வெளிச்சம் இரண்டாவது முறை கிடைக்கிறது. இருட்டில் பூனைக்குக் கண் தெரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அடுக்கு, வெளிச்சம் வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்புகிறது. ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் மேலே இருந்தால், திரும்பி வருவது நேராக லென்ஸுக்குள் விழும். படத்தில் இரண்டு பச்சை விளக்குகள்.

நீலக் கண் உள்ள பூனைகளுக்கு, சயாமீஸ் வகையில் பார்த்திருப்பீர்கள், இந்த ஒளிர்வு சிவப்பாக வரும். அவற்றின் கண்ணுக்குப் பின்னால் நிறமி குறைவு, அதனால் ரத்தக்குழாய்களின் நிறம் தெரிகிறது. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் என்று இருக்கும் வெள்ளைப் பூனையை நேர் ஃபிளாஷில் எடுத்தால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் எரியும். அது நோய் இல்லை, பயப்படாதீர்கள்.

தலையைக் கூரைப் பக்கம் திருப்பினால் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பிரச்சினை அன்றோடு தீர்ந்துவிடும். திருப்பியும் எரிகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தலை போதுமான அளவு மேலே ஏறாமல் 45 டிகிரியில் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்போது வெளிச்சத்தின் ஓரம் நேராகப் பூனைமேல் படும். பூனையின் இடத்திலிருந்து பார்த்தால் ஃபிளாஷின் கண்ணாடி முகப்பு தெரியவே கூடாது. இன்னொன்று, பூனை பீரோ உச்சியிலோ பரணிலோ உட்கார்ந்திருப்பது. நம் வீடுகளில் பூனைக்குப் பிடித்த இடமே அதுதான். அங்கே உட்கார்ந்திருக்கும் பூனைக்கு, கூரையைப் பார்க்கும் ஃபிளாஷ் நேர் ஃபிளாஷ்தான். அந்த நேரத்தில் தலையை முழுக்கப் பின்னால் திருப்பி, உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் அடியுங்கள்.

கூரையே உதவாத வீடுகளும் உண்டு. மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மர உத்தரங்கள் வெளிச்சத்தைக் குடித்துவிடும், ஓட்டு வீட்டில் திரும்பி வருவதற்கே ஒன்றும் இல்லை. அப்போது ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பக்கவாட்டில் நாற்காலிமேல் சாய்த்துவைத்து அதில் அடியுங்கள். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சாதாரணத் தெர்மாகோல் போதும்.

இன்னொரு விஷயம். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் ஒளிர்வு அதிகமாகும். ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள கோணம் தூரத்தில் சுருங்கிவிடும் என்பதே காரணம்.

எல்லாப் படத்திலும் கண் அரைக்கண்ணாக இருக்கிறது

ஃபிளாஷ் டிடிஎல் முறையில் இருக்கிறது என்று இதைப் பார்த்தே சொல்லிவிடலாம். டிடிஎல்லில் ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்னால் ஃபிளாஷ் ஒரு சின்ன முன்மினுக்கு மினுக்கும். அதை அளந்துதான் கேமரா எவ்வளவு பவர் வேண்டும் என்று முடிவுசெய்கிறது. நம் கண்ணுக்கு முன்மினுக்கும் நிஜ மினுக்கும் ஒன்றாகவே தெரியும். கண் சிமிட்டும் அனிச்சைக்கோ அந்த இடைவெளி போதும். சில பூனைகள் கண்டுகொள்ளாது. சில பூனைகள் ஒரு படம்கூட விடாமல் சிமிட்டும்.

ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள். மேனுவலில் முன்மினுக்கு கிடையாது. பூனை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது டிடிஎல்லுக்கு வேலையும் இல்லை, கூரையும் தூரமும் மாறாத வரைக்கும் ஒரே பவர் எல்லாப் படத்துக்கும் பொருந்தும். பூனை நடந்துகொண்டே இருக்கிறது, டிடிஎல் வேண்டும் என்றால், ஃபிளாஷ் லாக் வசதியைப் பயன்படுத்துங்கள். கேனான், நிக்கான் கேமராக்கள் பலவற்றில் அதற்கு ஒரு பட்டன் ஒதுக்கலாம். அதை அழுத்தினால் முன்மினுக்கு அப்போதே முடிந்துவிடும். பூனை சிமிட்டி முடிக்கட்டும், ஒரு நொடி பொறுத்து எடுங்கள்.

கேமராவில் செங்கண் குறைப்பு இயங்கினால் அதையும் அணையுங்கள். மனிதர்களுக்காக வைத்தது அது, பூனையின் கண்ணொளிர்வுக்கு உதவாது, படத்துக்கு முன்பே வெளிச்சம் காட்டி எச்சரிக்கை மணியாகத்தான் வேலைசெய்யும். இரண்டாவது ஃபிளாஷைத் தனியாக வைத்து, கேமராமேல் உள்ள ஃபிளாஷின் ஒளி சமிக்ஞையால் இயக்குகிறீர்கள் என்றால் அந்த சமிக்ஞையும் ஒரு மினுக்குதான். ரேடியோ அலையால் ஃபிளாஷை இயக்கும் கருவியான ரேடியோ டிரிகருக்கு மாறினால் அது போய்விடும்.

கண் முழுக்கக் கறுப்பு, நிறமே தெரியவில்லை

இதை ஃபிளாஷின் கோளாறு என்று பலர் நினைத்து பவரைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் மாறாது. மினுக்கு அவ்வளவு வேகமாக முடிந்துவிடுவதால் கண்ணின் பாவை அதற்குச் சுருங்க நேரமே கிடைப்பதில்லை. படத்தில் பாவை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் முடிவுசெய்கிறது. இருட்டு அறையில் அது கண்ணை நிறைத்துக்கொண்டு விரிந்திருக்கும், அதைச் சுற்றியுள்ள மஞ்சளும் பச்சையும் ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும்.

அறையின் டியூப் லைட்டுகள் எல்லாவற்றையும் போடுங்கள். பகலாக இருந்தால் ஜன்னல் திரையை விலக்குங்கள். சில நிமிடம் பொறுத்துப் பூனையின் கண்ணைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: பாவை ஒரு வேப்பங்கொட்டை அளவுக்கு வந்திருந்தால் எடுக்கலாம். விளக்குப் போட்டால் ஃபிளாஷ் படம் கெடும் என்ற பயம் வேண்டாம். 1/200, எஃப் 4, ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் சாதாரண வீட்டு விளக்கு படத்தில் பதிவாகும் அளவு மிகக் குறைவு. விளக்கு பூனையின் கண்ணுக்கு, ஃபிளாஷ் படத்துக்கு.

விளையாடவோ வேட்டையாடவோ தயாராகும் பூனைக்கு வெளிச்சத்திலும் பாவை விரியும். பயந்தாலும் விரியும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தாவும் பூனை கலங்கிப்போகிறது

ஷட்டர் 1/200இல் இருக்கிறது, ஃபிளாஷும் அடித்தது, ஆனாலும் பாதம் கலங்கல். இங்கே இரண்டு வேறு வேறு கலங்கல் இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

கூர்மையான பூனை ஒன்றும் அதன்மேல் ஆவிபோல் ஒரு நிழல் உருவமும் தெரிந்தால், அறை விளக்கு பதிவாகிறது. தொடக்கத்தில் சொன்ன சோதனைப் படம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டரை உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு சேர்ந்து ஒழுங்காக வேலைசெய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) வரைக்கும் ஏற்றுங்கள், ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், அல்லது விளக்குகளில் சிலதை அணையுங்கள். கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமையில் வைத்து எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த முறையில் ஃபிளாஷ் இருந்தாலும் சில கேமராக்கள் அறை வெளிச்சத்துக்கு ஏற்ற மெதுவான ஷட்டரைத் தேர்ந்துவிடும். மேனுவலுக்கு வாருங்கள்.

ஆவி உருவம் இல்லாமல் பாதத்தின் விளிம்பே வழுக்கினாற்போல் இருந்தால், மினுக்கு நீளமாக இருக்கிறது. ஃபிளாஷின் பவரைக் குறைப்பது மினுக்கின் நேரத்தைக் குறைப்பதுதான். முழு பவரில் மினுக்கு பல மாடல்களில் 1/300 விநாடி அளவுக்கு நீளும். 1/16 பவரில் அது 1/5000 பக்கம் வந்துவிடும், 1/128இல் 1/20000 வரைகூடப் போகும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஆகவே தாவும் பூனையை உறையவைப்பது ஷட்டர் அல்ல, பவர் குறைந்த ஃபிளாஷ். 1/16க்குக் கீழே வைத்துக்கொண்டு, குறைந்த வெளிச்சத்தை வேறு வழியில் ஈடுகட்டுங்கள்: அப்பர்ச்சரை எஃப் 2.8க்குத் திறக்கலாம், பூனை தாவும் இடத்துக்குப் பக்கத்தில் ஃபிளாஷைக் கொண்டுபோகலாம், இரண்டு ஃபிளாஷ் வைத்து இரண்டையும் குறைந்த பவரில் அடிக்கலாம். ஐஎஸ்ஓவை ஏற்றினாலும் அப்பர்ச்சரைத் திறந்தாலும் அறை விளக்கும் கூடவே ஏறும், கவனம்.

ஷட்டரை 1/1000க்கு ஏற்றி ஹைஸ்பீட் சிங்க் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஹைஸ்பீட் சிங்கில் ஃபிளாஷ் ஒரே மினுக்காக அடிக்காது, ஷட்டர் கடக்கும் நேரம் முழுக்கத் தொடர்ந்து துடிக்கும். பவர் இரண்டு ஸ்டாப்புக்கு மேல், அதாவது நாலில் ஒரு பங்குக்கும் கீழே விழும், கூரையில் அடித்துத் திரும்புவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஜன்னல் ஓரத்தில் நல்ல பகல் வெளிச்சத்தோடு சேர்த்து எடுக்க அது உதவும். இரவில் வீட்டுக்குள் தேவையே இல்லை என்பது என் கருத்து.

படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை

சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அது 1/160 முதல் 1/250க்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் ஷட்டரின் இரண்டாவது திரை, மினுக்கு அடிக்கும் நேரத்திலேயே சென்ஸாரை மூடத் தொடங்கியிருக்கும். சாதாரணமாகக் கேமராவே உங்களைத் தாண்ட விடாது. ஆனால் நடுவில் ஒரு முள் மட்டும் உள்ள பழைய டிரிகர் வழியாக இயக்கினால் கேமராவுக்கு ஃபிளாஷ் இருப்பதே தெரியாது, தடுக்கவும் தடுக்காது.

கறுப்புப் பூனை சாம்பலாக, வெள்ளைப் பூனை அழுக்காக

டிடிஎல் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்புப் பூனை ஃபிரேமை நிறைத்தால் வெளிச்சம் பற்றவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும், ரோமத்தில் ஒளிந்திருக்கும் பழுப்புச் சாயை வெளியே வந்து பூனை துருப்பிடித்ததுபோல் தெரியும். வெள்ளைப் பூனைக்கு நேர்மாறு. டிடிஎல் முடிவுசெய்த பவரைக் கூட்டிக் குறைக்கும் ஃபிளாஷ் காம்பன்சேஷனைக் கறுப்புக்கு மைனஸ் 1 பக்கமும், வெள்ளைக்குப் பிளஸ் முக்கால் பக்கமும் வையுங்கள். மேனுவல் ஃபிளாஷில் இந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் கறுப்புப் பூனைக்கு அளவு சரியானால் மட்டும் போதாது. திசை முக்கியம். கூரையிலிருந்து சமமாக இறங்கும் வெளிச்சத்தில் கறுப்பு ரோமம் ஒரே கட்டியாகத் தெரியும், எங்கே தோள், எங்கே கழுத்து என்று புரியாது. ஃபிளாஷ் தலையைப் பக்கச் சுவருக்குத் திருப்புங்கள். வெளிச்சம் ரோமத்தின்மேல் சாய்வாக வழுக்கும்போது ஒவ்வொரு முடியும் ஒரு மினுமினுப்போடு பிரியும், மீசையும் தனியாக எழுந்து நிற்கும். பின்னணியாகக் கறுப்பு சோஃபா வேண்டாம், சாம்பல் நிறப் போர்வை ஒன்று விரித்தால் காதின் விளிம்பு தெரியும்.

நிறம் மாறி வருகிறது

கூரை வெள்ளையாக இருந்தும் பூனைக்குப் பச்சைச் சாயல் வந்தால் சுவரைப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பரப்பில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொண்டு வரும். பிஸ்தா பச்சை, ரோஸ், ஆகாய நீலம் என்று சுவர் அடித்த வீடுகளில் பக்கச் சுவரை விட்டுவிட்டுக் கூரையில் மட்டும் அடியுங்கள். தரையும் பங்குபோடும். வெள்ளை டைல்ஸ் தரை தாடைக்கு அடியில் இலவசமாக வெளிச்சம் தரும், சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் அதே இடம் செம்மை படரும். ஒரு வெள்ளை வேட்டியை மடித்துப் பூனைக்கு முன்னால் ஃபிரேமுக்கு வெளியே போட்டால் சரியாகிவிடும்.

பூனை சரியான நிறம், பின்னணி மட்டும் மஞ்சள் என்றால் அது விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். ஃபிளாஷின் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம். வார்ம் எல்இடி 3000 கெல்வின் அல்லது அதற்கும் கீழே, குளிர்ந்த வெள்ளை எல்இடி 6500 பக்கம். பின்னணியில் மஞ்சள் அழகாக இருந்தால் விட்டுவிடுங்கள், நான் விட்டுவிடுவேன். பிடிக்கவில்லை என்றால் அந்த விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கைப் போடுங்கள்.

கண்ணுக்குக் கீழே இருட்டு

தலையை நேர் மேலே வைத்தால் வெளிச்சமும் நேர் மேலிருந்தே இறங்கும், நெற்றி பளிச், கண்ணும் வாயும் நிழல். பூனைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் இது அதிகம். ஃபிளாஷ் தலையிலிருந்து இழுக்கும் சின்ன வெள்ளை அட்டையை வெளியே எடுங்கள், அது கொஞ்சம் வெளிச்சத்தை முன்னால் தள்ளும், கண்ணில் ஒரு ஒளிப்புள்ளியும் கிடைக்கும். அதைவிட நல்லது தலையை உங்கள் பின்பக்கமாகச் சாய்ப்பது. வெளிச்சம் பெரிய பரப்பாகி முன்பக்கத்திலிருந்தே வரும்.

ஒரு படம் பளிச், அடுத்தது இருட்டு

பெரும்பாலும் ஃபிளாஷ் சார்ஜ் ஆவதற்குள் அடுத்த படத்தை எடுத்திருப்பீர்கள். பவரைக் குறைத்தால் சார்ஜ் நேரமும் குறையும், வரிசையாக நாலைந்து படம் எடுக்கலாம். ஏஏ பேட்டரி போடும் ஃபிளாஷ் என்றால் ஆல்கலைன் வேண்டாம், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்கள். அதன் உள்தடை குறைவு, மின்சாரத்தை வேகமாகக் கொடுக்கும்.

பேட்டரி புதிது, காத்திருந்தும் மாறுகிறது என்றால் மேலே பாருங்கள். சீலிங் ஃபேன் ஓடுகிறதா? ஃபிளாஷ் தலை அந்தப் பக்கம் இருந்தால் ஒரு படத்தில் வெளிச்சம் கூரையில் படும், அடுத்ததில் பழுப்பு நிற இறக்கையில் படும். தலையை ஃபேனை விட்டு விலக்குங்கள், அல்லது ஃபேனை நிறுத்துங்கள்.

ஃபிளாஷ் அடிக்கவே இல்லை

சத்தமில்லாத ஷட்டர் இயங்குகிறதா பாருங்கள். பூனைக்காகவே அதைப் போட்டுவைப்பவர்கள் நிறைய. பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் வேலைசெய்யாது. அடுத்தது ஹாட் ஷூ: கடைசிவரை தள்ளி இறுக்கினீர்களா? அதற்கும் அடுத்தது, ஃபிளாஷ் தூங்கிப்போயிருக்கும், ஷட்டரைப் பாதி அழுத்தினால் எழும். முழு பவரில் தொடர்ந்து அடித்திருந்தால் சூட்டுக்காகத் தன்னைத்தானே நிறுத்தியிருக்கும், கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

மூக்கு தெளிவு, கண் தெளிவில்லை

மங்கலான அறையில் ஃபோகஸ் தடுமாறும். இங்கேயும் அறை விளக்குகளைப் போடுவதுதான் மருந்து. விலங்கின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி, 2019க்குப் பிறகு வந்த பல மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கிறது, இருந்தால் தேர்ந்துகொள்ளுங்கள். கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கை அணையுங்கள், பூனை அதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிவிடும். மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ள சின்ன இடைவெளிகூட அருகிலிருந்து எஃப் 1.8இல் எடுத்தால் தாங்காது. ஃபிளாஷ் இருக்கிறது அல்லவா, எஃப் 5.6க்குப் போங்கள், தொடக்கத்தில் சொன்ன எஃப் 4இலிருந்து போவதாக இருந்தால் பவரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஏற்றுங்கள்.

ஃபிளாஷை எடுத்தாலே பூனை ஓடிவிடுகிறது

இதைச் சரிசெய்யாமல் மேலே உள்ள எதுவும் உதவாது. பூனை எதைக் கண்டு ஓடுகிறது என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அது எப்போதும் வெளிச்சமாக இருப்பதில்லை. மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது எழும் மெல்லிய கீச்சு நமக்கு இருக்கிறதா இல்லையா என்ற அளவில் இருக்கலாம், பூனைக்கு அப்படி இருக்காது. சார்ஜ் முடிந்ததும் ஒலிக்கும் பீப்பை மெனுவில் அணைத்துவிடுங்கள். குறைந்த பவர் இங்கேயும் உதவும், சார்ஜ் ஏறும் நேரம் குறையும்.

பழக்குவதற்கு அவசரப்படாதீர்கள். ஃபிளாஷை அணைத்தபடியே பூனை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓரிரு நாள் வையுங்கள். முகர்ந்து பார்க்கும், கன்னத்தைத் தேய்க்கும். தேய்த்துவிட்டால் அது அந்த வீட்டுப் பொருளாகிவிட்டது. அப்புறம் பூனை சாப்பிடும்போது அறையின் மறுகோடியில் நின்று, கூரையைப் பார்த்து, மிகக் குறைந்த பவரில் ஒன்று அடியுங்கள். சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தால், நெத்திலிக் கருவாட்டுத் துண்டு ஒன்று கொடுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும். அடுத்த நாள் கொஞ்சம் பக்கத்தில்.

காது பக்கவாட்டில் மடிகிறதா, வால் நுனி வெடுக்வெடுக்கென்று அடிக்கிறதா, நல்ல வெளிச்சத்திலும் பாவை விரிந்தே இருக்கிறதா, உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இதில் ஒன்று வந்தாலும் கேமராவைக் கீழே வையுங்கள். கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வளர்ந்த பூனைக்குத் தொல்லை தருவது அபூர்வம், ஆனால் ஒரு கை தூரத்தில் முகத்துக்கு நேரே அடிப்பது எந்தப் பூனைக்கும் செய்யக்கூடாதது. கண் இப்போதுதான் திறந்த குட்டிகளுக்கு ஃபிளாஷே வேண்டாம். பிறந்து ஒன்று இரண்டு வாரத்தில்தான் அவற்றுக்குக் கண் திறக்கும், அதற்கப்புறமும் சில வாரம் பார்வை தேறிக்கொண்டிருக்கும். தாய் படுத்திருக்கும் பெட்டியை ஜன்னல் பக்கம் இழுக்கவும் வேண்டாம், தாய் குட்டிகளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, இருக்கும் வெளிச்சத்தில் எடுங்கள். கொஞ்சம் பொரிபொரியாக வரும், வரட்டும்.